ஓரத்தையும் படித்த அக்கா

எழுத்து எந்தப் பக்கம் சாய்ந்திருக்கிறதோ அந்தப் பக்கம் அக்காவின் தலையும் சாயும். அவரை நினைத்தால் முதலில் அதுதான் வருகிறது. திரையில் இருக்கும் தாளில் ஒரு பிள்ளை வலப்பக்கம் சாய்த்து எழுதியிருந்தால் அக்கா வலப்பக்கம் சாய்வார். எழுத்து நிமிர்ந்தால் அவரும் நிமிர்வார். பின்னாலிருந்து பார்த்தால், வளைவில் திரும்பும் பேருந்தில் உட்கார்ந்திருப்பவரைப் போல இருக்கும். எங்கள் கூடத்தில் முப்பது பேர் வரிசையாக உட்கார்ந்து தட்டிக்கொண்டிருப்போம். ஆடுகிற தலை ஒன்றே ஒன்றுதான்.

திண்டுக்கல்லில் பழனி சாலையில், கீழே டயர் கடையும் மேலே நாங்களுமாக இருந்த அலுவலகம் அது. அமெரிக்காவில் ஏதோ ஒரு பகுதிப் பள்ளிக்கூடங்களில் பிள்ளைகள் பென்சிலால் எழுதிய பரீட்சைத் தாள்கள் படமாக எங்களுக்கு வரும். அதை நாங்கள் கணினியில் அடித்துத் திருப்பி அனுப்ப வேண்டும். அதை வைத்து அங்கே மதிப்பெண் போட்டார்களா, ஆராய்ச்சி செய்தார்களா என்று எங்களுக்கு யாரும் சொன்னதில்லை. நாங்களும் கேட்டதில்லை. சித்திரை வெயிலில் மலைக்கோட்டைப் பாறை கொதித்துக்கொண்டிருக்கும் நாட்களில்தான் தாள்கள் கட்டுக் கட்டாக வரும். வெளியே தார் உருகும். உள்ளே நாங்கள், பனி பெய்ததால் பள்ளிக்கூடம் விட்ட கதைகளை அடித்துக்கொண்டிருப்போம். மதியம் கீழே இறங்கி வரும்போது சாலையில் பனி இல்லாதது எனக்குக் கொஞ்ச நேரம் ஆச்சரியமாகவே இருக்கும்.

நான் பட்டப்படிப்பு முடித்தவள். அந்தத் திமிர் எனக்கு நிறைய இருந்தது. அக்கா பத்தாவதில் கணக்கில் தவறியவர். மாலையில் நான் பேருந்திலிருந்து இறங்கும் தாடிக்கொம்பைத் தாண்டி, அகரத்திலிருந்து வருவார். விடியுமுன் தோட்டத்தில் மல்லி எடுத்துவிட்டு, கையில் அந்த வாசனையோடு முதல் ஆளாக வந்து உட்கார்ந்துவிடுவார். வேலைக்கு எடுக்கும்போது வைத்த ஆங்கிலத் தேர்வில் நான் நூற்றுக்குத் தொண்ணூற்றாறு, அக்கா பதினொன்று. என்னை யோசித்து எடுத்தார்கள், அக்காவை உடனே எடுத்தார்கள். காரணம் கேட்டதற்கு சூப்பர்வைசர் சார் சொன்னார்: "படிச்ச ஆளுக தப்பைத் திருத்திருவாங்கம்மா. அது தெரியாதவங்கதான் புள்ளை எழுதினதை எழுதினபடி அடிப்பாங்க. நமக்கு அது போதும்."

வேலை நடக்கும் விதம் இதுதான். ஒரே தாளை இரண்டு பேர் தனித்தனியாக அடிக்க வேண்டும். ஒருவர் அடித்தது மற்றவருக்குத் தெரியாது. இரண்டையும் இயந்திரம் ஒப்பிட்டுப் பார்க்கும். எழுத்துக்கு எழுத்து ஒத்துப்போனால் வேறு யார் கண்ணும் படாமல் நேராக அமெரிக்காவுக்குப் போய்விடும். ஒத்துப்போகாவிட்டால் மூன்றாவது ஆளின் மேஜைக்குப் போகும். அவர் தாளைப் பார்த்துத் தீர்ப்புச் சொல்வார். தவறியவர் பெயரில் ஒரு பிழை ஏறும். இரண்டு பேரும் ஒரே தப்பைச் செய்தால் அது தப்பே இல்லை என்பது எங்கள் கூடத்து வேதாந்தம். ஜோடி மாறாது. என் ஜோடி அக்கா.

முதல் வருடம் வந்தவை இரண்டாம் வகுப்புத் தாள்கள். அக்கா எழுத்துக் கூட்டித்தான் அடித்தார். ஆனால் அர்த்தம் தெரியாமல் விட மனம் வராது. தேநீர் நேரத்தில் உள்ளங்கையில் பேனாவால் எழுதிக்கொண்டு வந்து என்னிடம் நீட்டுவார். "இது என்ன பிள்ளே?" நான் சொல்வேன். தினம் பத்துச் சொல், பதினைந்து சொல். சாயங்காலம் மல்லி கட்டும்போது அவை அழிந்துபோகும், ஆனால் அதற்குள் மனதில் ஏறியிருக்கும்.

ஒருநாள் கீழே டீக்கடையில் எல்லாருக்கும் கேட்கிற மாதிரி அறிவித்தார்: "அங்க விழுந்த பல்லைத் தலகாணிக்கு அடியில வச்சா, தேவதை வந்து எடுத்துட்டுக் காசு வச்சுட்டுப் போகுதாம்ல. நாம சாணியில பொதிஞ்சு கூரைமேல எறிஞ்சோம். ஒரு தேவதை எட்டிப் பாத்துச்சா?" டீ மாஸ்டர், "நம்ம ஊரு தேவதைக்குக் கூரை ஏறத் தெரியாதுக்கா" என்றார். அன்று முழுவதும் அக்கா அதை நினைத்து நினைத்துச் சிரித்தார்.

தாளில் பெயர் இருக்கும் இடம் கறுப்பாக மறைக்கப்பட்டு வரும். அதனால் அக்கா தாமே பெயர் வைத்தார். ஒன்பதைத் திருப்பிப் போடுகிறவன். வரிக்கு வரி நாய் வரைகிறவன். சாய்வுக்காரி. இந்தச் சாய்வுக்காரியின் எழுத்து காற்றில் சாய்ந்த நெற்பயிர் மாதிரி இடப்பக்கமாகப் படுத்திருக்கும். அடுத்த வருடம் அதே பள்ளிகளிலிருந்து மூன்றாம் வகுப்புத் தாள்கள் வந்தன. இரண்டாவது நாளே அக்காவின் தலை இடப்பக்கம் சாய்ந்தது. "வந்துட்டா! ஏ பிள்ளே, சாய்வுக்காரி பாஸாயிட்டா!" என்று கத்தினார். கூடமே திரும்பிப் பார்த்தது. பக்கத்தைப் பற்றி ஜோடியிடம் பேசக்கூடாது என்பது விதி. சார் கண்ணாடியைத் தூக்கிப் பார்த்துவிட்டு விட்டுவிட்டார்.

அப்படி நான்கு வருடம். அமெரிக்காவில் பள்ளிக்கூடம் மாறிக்கொண்டே இருந்தது. எங்களுக்கு அது செய்தியாக வரவில்லை, பென்சில் கோடுகளாக வந்தது. மூன்றாம் வகுப்பில் சில பிள்ளைகள் கோத்து எழுதப் பழகியிருந்தார்கள். அடுத்த வருடம் அது நின்றுபோனது. எழுத்துகள் மறுபடி தனித்தனியாக நின்றன. "கூட்டெழுத்து சொல்லித் தாரதை நிப்பாட்டிட்டாக போல" என்றார் அக்கா, பக்கத்துத் தெருப் பள்ளியைப் பற்றிப் பேசுவதுபோல. கழித்தலில் கடன் வாங்குவது போனது. ஒரு கோடு போட்டு அதன்மேல் தவளை மாதிரி தாவித் தாவி விடை கண்டுபிடித்தார்கள். அக்காவுக்கு அது பிடித்துவிட்டது. பேருந்து நிலையத்தில் நின்றுகொண்டு, "ஆறே நாப்பதுல இருந்து ஏழுக்கு ஒரு தாவு, ஏழுல இருந்து ஏழே காலுக்கு ஒரு தாவு, முப்பத்தஞ்சு நிமிசம் இருக்கு, வா ஒரு பஜ்ஜி தின்னலாம்" என்பார்.

அதற்குப் பிறகு ஒரு புதுக் கட்டம் வந்தது. கணக்குக்குக் கீழே, 'இந்த விடையை எப்படிக் கண்டுபிடித்தாய்?' என்று கேட்டு ஒரு பெரிய கட்டம். எங்களுக்கு எரிச்சல். அடிக்க வேண்டியது இரண்டு மடங்காகிவிட்டது. பிள்ளைகளுக்கும் எரிச்சல்தான். 'என் மூளை சொன்னது, நான் கேட்டுக்கொண்டேன்' என்று ஒருவன் எழுதியிருந்தான். அக்கா மட்டும் அந்தக் கேள்வியையே பார்த்துக்கொண்டிருந்தார். திரும்பும் வழியில் சொன்னார்: "எனக்குப் பத்தாப்புல விடை தப்பு. ஒத்துக்கறேன். ஆனா நான் நெனச்சது தப்பில்ல பிள்ளே. அதை யாரு கேட்டா? சிவப்பு மையால ஒரு கோடு. முடிஞ்சுபோச்சு." சிரித்துக்கொண்டேதான் சொன்னார். எனக்குத்தான் அன்றைக்கு அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

அக்காவின் குணம் இதுதான். பிள்ளை எழுதியதில் எதையும் அவரால் தாண்டிப்போக முடியாது. அழித்ததை உற்றுப் படிப்பார். அடித்துத் திருத்தியதைப் படிப்பார். கட்டத்துக்கு வெளியே ஓரத்தில் கிறுக்கியதையும் படிப்பார். ஓரத்தில் இருப்பதை அடிக்கக்கூடாது என்பது எங்களுக்கு முதல் நாளே சொல்லிக்கொடுத்த பாடம். ஒரு பையன் ஓரத்தில், 'சனி ஞாயிறு எனக்குப் பிடிக்காது, பள்ளிக்கூடத்தில்தான் சாப்பாடு கிடைக்கும்' என்று எழுதியிருந்தான். அக்கா நேராக சாரிடம் போய் நின்றார். சார் கெட்டவர் இல்லை. இரண்டு தரம் படித்தார். பிறகு, "கட்டம் தாண்டிட்டா நமக்கு அது வெள்ளைத் தாள்மா. நம்ம அனுப்பினாலும் அவங்க கேப்பாங்க, ஏன் அடிச்சேன்னு" என்றார். அக்கா இடத்துக்கு வந்து உட்கார்ந்தார். மதியம் சோற்று டப்பாவைத் திறக்கவில்லை. நானும் கொஞ்சம் பாசாங்காகச் சோற்றை விட்டுவிட்டு வெஞ்சனத்தை மட்டும் தொட்டுக்கொண்டேன்.

சாய்வுக்காரி ஐந்தாம் வகுப்புக்கு வந்தாள். நாங்களும் அவளோடு வந்திருந்தோம். அக்கா இப்போது என் உதவி இல்லாமலே படித்தார். சில சமயம் என்னைவிட நன்றாகப் படித்தார். அகரம் பேருந்தில் ஜன்னலோரம் உட்கார்ந்துகொண்டு, தாடிக்கொம்பு சாலையில் மஞ்சள் வண்டி ஏதாவது எதிரே வந்தால், "அவுக பள்ளிக்கூடத்து பஸ்ஸு இப்படித்தான் இருக்குமாம்" என்று பார்வையிலிருந்து மறையும்வரை பார்ப்பார். தென்னந்தோப்புகளுக்கு நடுவே அந்த வண்டி போவதை நானும் பார்ப்பேன். உள்ளே ஒன்பதைத் திருப்பிப் போடுகிறவனும் நாய் வரைகிறவனும் உட்கார்ந்திருப்பதாக எனக்கும் தோன்றும்.

அந்த நாள் நான் தாமதமாகப் போனேன். அக்கா எனக்கு நாற்பது பக்கம் முன்னால் இருந்தார். தேநீர் நேரத்தில் என்னை மாடிப்படித் திருப்பத்தில் நிறுத்தினார்.

"சாய்வுக்காரி பக்கம் உனக்கு வரும். கட்டத்துல ஏதோ பொறந்த நாள் கதை எழுதியிருக்கா. ஓரத்துல பொடிப் பொடியா ஒன்னு இருக்கு. நான் அதையும் கட்டத்துக்குள்ள சேத்து அடிச்சுட்டேன். எழுத்து எழுத்தா அவ எழுதினபடி. நீயும் அப்படியே அடி, தாயி. ரெண்டும் ஒத்துப்போனா யாரும் பாக்காம போயிரும். அங்க ஒரு டீச்சராவது படிப்பாக."

"சரிக்கா" என்றேன்.

பதினோரு மணிக்கு அந்தப் பக்கம் என் திரைக்கு வந்தது. கட்டத்துக்குள் பிறந்தநாள், பலூன், கேக். ஓரத்தில், முள்கம்பி மாதிரி நெருக்கி எழுதியிருந்தாள்: 'இதை யாராவது படிக்கிறீர்களா? எனக்கு வீட்டுக்குப் போக வேண்டாம். தயவுசெய்து என்னை வீட்டுக்கு அனுப்பாதீர்கள்.'

அந்த வாரம்தான் சார் என்னைக் கூப்பிட்டு, அடுத்த கட்டு வரும்போது மேற்பார்வை இருக்கை எனக்கு என்று சொல்லியிருந்தார். ஒவ்வொரு பக்கத்துக்கும் கீழே அடித்தவர் இருவரின் எண்ணும் போகும். நாளைக்கு அங்கிருந்து கேள்வி வந்தால் இரண்டு எண்ணும் மாட்டும். அவர்கள் ஊரில் டீச்சர் இல்லையா, போலீஸ் இல்லையா, தாளைச் சேகரித்தவர்கள் பார்க்காமலா இருந்திருப்பார்கள் என்றெல்லாம் நினைத்தேன். எவ்வளவு நேரம் நினைத்தேன் என்று தெரியவில்லை. ஜன்னலில் பாறை வெயிலில் வெளுத்துக்கிடந்தது. பிறந்தநாளையும் பலூனையும் கேக்கையும் அடித்தேன். அடுத்த பக்கத்துக்குப் போனேன்.

இரண்டும் ஒத்துப்போகவில்லை. மூன்றாவது மேஜையில் விதிப்படி ஓரத்து வரிகளை எடுத்துவிட்டார்கள். அக்கா பெயரில் ஒரு பிழை ஏறியது. எது எந்தப் பக்கத்துப் பிழை என்று எங்களுக்குச் சொல்வதில்லை. சாயங்காலம் அக்கா கண்ணாலேயே கேட்டார். நான் ஆமாம் என்று தலையை ஆட்டினேன். அவ்வளவுதான். அவர் என் கையைப் பிடித்து அழுத்தினார். பேருந்தில் வழியெல்லாம் தூங்கிக்கொண்டே போனார். அவர் பேருந்தில் தூங்கி நான் பார்த்ததே இல்லை.

அந்தக் கட்டு முடிந்ததும் அக்காவை நிறுத்திவிட்டார்கள். இந்தப் பக்கத்துக்காக இல்லை. பிள்ளைகள் தப்பாக எழுதியதை அக்கா தன்னை அறியாமல் சரியாக அடிக்கத் தொடங்கியிருந்தார். பிழைப் பட்டியல் நீண்டுவிட்டது. "நாலு வருசம் படிச்சது வீணாப் போகலைல்ல" என்று சிரித்துவிட்டுக் கிளம்பினார். நான் மேற்பார்வை இருக்கையில் உட்கார்ந்தேன். அதில் ரொம்ப நாள் உட்காரக் கொடுத்துவைக்கவில்லை. பிறகு வந்த தாள்கள் குறைந்துகொண்டே போயின. அங்கே பிள்ளைகள் பரீட்சையைக் கணினியிலேயே அடிக்க ஆரம்பித்துவிட்டார்களாம். பென்சில் இல்லை, சாய்வு இல்லை, ஓரமும் இல்லை. எங்களைப் போன்றவர்களும் தேவையில்லை. மாடி இப்போது ஜிம்மாக இருக்கிறது.

போன தை மாதம் ஒரு கல்யாணத்துக்காக அகரம் போனேன். எட்டு வருடம் கழித்து அக்காவைப் பார்த்தேன். ஊர்ப் பள்ளிக்கூடத்தில் சத்துணவுச் சமையல் வேலை. அடுப்படி வாசலில் கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். என்னைக் கண்டதும் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு ஓடிவந்தார்.

"நெனச்சுட்டே இருந்தேன் பிள்ளே. அவளுக்கு இப்ப பதினெட்டு, பத்தொம்பது வயசு இருக்கும்ல?"

யார் என்று நான் கேட்கவில்லை. அக்கா தாமாகவே சொல்லிக்கொண்டு போனார். ஒரு டீச்சரம்மா அதைப் படித்திருப்பார். கொஞ்சம் குண்டாக, கண்ணாடி போட்டவராக இருப்பார். அன்றைக்கே அவளைத் தன் காரில் ஏற்றிக்கொண்டு போயிருப்பார். அந்த வீட்டில் மாடியில் ஒரு அறை, ஜன்னலைத் திறந்தால் பனி. இப்போது காலேஜில் படிப்பாள், எழுத்து நிமிர்ந்திருக்கும். சொல்லச் சொல்ல அவர் குரல் தாழ்ந்துகொண்டே போனது, தூங்கும் பிள்ளைக்குப் பக்கத்தில் பேசுவதுபோல. கேட்டுக்கொண்டிருந்த எனக்கு அந்த அறை தெரிந்தது. அதில் அவளை உட்காரவைத்துவிட வேண்டும் என்று எனக்கும் ஆசையாக இருந்தது.

"அதை வச்சுத்தான் இங்க ஒரு புள்ளையக் காப்பாத்துனேன்" என்றார் அக்கா. சோறு போடும்போது பிள்ளைகளின் நோட்டை வாங்கிப் பார்ப்பது அவர் வழக்கமாம். நாலாம் வகுப்புப் பெண் ஒருத்தி கடைசிப் பக்கத்தில் ஏதோ எழுதி எழுதி அடித்திருந்தாள். பள்ளி விட்டும் வீட்டுக்குக் கிளம்பமாட்டாள். என்ன கேட்டும் வாய் திறக்கவில்லை. "அப்பத்தான் நம்ம சாய்வுக்காரி கதையச் சொன்னேன். அவ எழுதுனா, நாங்க ரெண்டு பேரு படிச்சு அனுப்புனோம், அவளைக் கூட்டிட்டுப் போயிட்டாக. நீயும் சொல்லுன்னேன். அப்பறம் எல்லாத்தையும் சொல்லிருச்சு. பெரிய டீச்சரும் நானும் அது வீட்டுல போய் நின்னோம். இப்ப அத்தை வீட்டுல இருந்து படிக்குது."

மணி அடித்தது. பிள்ளைகள் தட்டோடு வந்தார்கள். அக்கா கூட்டத்திலிருந்து ஒல்லியான ஒரு பெண்ணைக் கையைப் பிடித்து இழுத்துவந்து என் முன்னால் நிறுத்தினார். "இவுகதான் அவுக. நான் சொன்னேன்ல."

அந்தப் பெண் என்னை அண்ணாந்து பார்த்தாள். "நீங்க படிச்சீங்களா, அந்தச் சாய்வுக்காரி அக்கா எழுதுனதை?"

"படிச்சேன்" என்றேன்.

"அப்பறம் என்ன செஞ்சீங்க?"

அக்கா சிரித்த முகத்தோடு என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். அவரிடம் மட்டும் என்றால் என்னால் எத்தனை வருடமும் பொய் சொல்லிக்கொண்டிருக்க முடியும். அந்தப் பெண் தட்டைக் கீழே வைத்துவிட்டுக் காத்திருந்தாள்.

"ஒன்னும் செய்யலம்மா" என்றேன். அக்காவைப் பார்த்துச் சொன்னேன்: "நான் அடிக்கலைக்கா. கட்டத்துக்குள்ள இருந்ததை மட்டும் அடிச்சேன். ஓரத்துல இருந்தது போகவே இல்ல."

அக்கா அந்தப் பெண்ணின் தட்டை எடுத்தார். சோறு போட்டார், சாம்பார் ஊற்றினார், முட்டையை வைத்தார். "போய் நெழல்ல உக்காந்து சாப்பிடு தாயி" என்று அனுப்பினார். அவள் போய் மற்றவர்களோடு உட்காரும்வரை பார்த்தார். வரிசையில் நின்ற பிள்ளைகளுக்கு ஒவ்வொருவராகப் போட்டு முடித்தார். நான் நின்றுகொண்டே இருந்தேன்.

கடைசித் தட்டும் போன பிறகு என் பக்கம் திரும்பினார். கோபம் இல்லை. கணக்குக்கு விடை சொல்கிறவரைப் போல மெதுவாகச் சொன்னார்:

"அப்ப அந்தப் புள்ள வீட்டுக்குத்தான் போயிருக்கும்."